அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த தொடர்

பேய்க்கதை பார்க்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. உயிரோடு இருக்கிறவர்கள் படுத்துகிற பாடு போதாதென்று செத்தவர்களை வேறு வரவழைத்து வேடிக்கை பார்க்கிற கூட்டம் அது. இப்படிச் சொல்கிற எனக்கு வாய்த்த அண்ணன் யார் தெரியுமா? ‘பூட்டிய பிறகு’ என்ற பேய்த் தொடருக்கு அவனைப் போல ஒரு ரசிகன் கிடையாது. அதைவிடக் கூத்து, தொடர் ஓடி முடிகிற வரைக்கும் அதில் ஒரு கதையைக்கூட அவன் முழுதாகப் பார்த்ததில்லை.

முதலில் தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் கதை விளங்காது. ஒரே மாமியார் வருடக்கணக்காக முறைத்துக்கொண்டு நிற்கிற தொடர் இல்லை இது. வாரம் ஒரு கதை, வாரம் ஒரு வீடு, வேறு வேறு ஆட்கள். யாரோ ஒருவருடைய கை ஒரு கதவைப் பூட்டுவதில் தொடங்கும். கையை மட்டும்தான் காட்டுவார்கள். பூட்டிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் கதை. ஒரு வாரம் தையல்காரி, ஒரு வாரம் பள்ளிக்கூடக் காவலாளி, ஒரு வாரம் பல் மருத்துவர். போன வாரம் செத்துப்போன நடிகர் இந்த வாரம் மீசை ஒட்டிக்கொண்டு வேறு ஆளாக வருவார், அதையெல்லாம் கேட்கக் கூடாது. பல வருடம் ஓடி, நிறைய பேரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு முடிந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பாதாளம். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்தக் கிணற்றின் அடியில் ஒரு குழி இருக்கும். எண்ணெய்க் கசடு, செத்த பல்லி, யாரோ தவறவிட்ட சாவிக்கொத்து எல்லாம் அங்கே கிடக்கும். மற்றவர்கள் மூக்கைச் சுளிக்கிற அந்தக் குழிக்குள் இவன் சொந்த வீட்டுக்குள் நுழைகிறவனைப் போல இறங்குவான். இல்லாவிட்டால் லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், லிஃப்ட் வழுக்கி ஏறுகிற பக்கத்துத் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே மாடி மாடியாகப் போவான். கீழே எட்டிப் பார்த்தால் நான் இரண்டடி பின்னால் போய்விடுவேன். அவன் சீட்டி அடித்துக்கொண்டிருப்பான்.

இப்பேர்ப்பட்ட வீரன், டிவியில் ஒரு கதவு கிரீச்சென்று சத்தம் போட்டால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு இருட்டு பயமில்லை, பட்டப்பகலில் டிவிதான் பயம். கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பான்.

“குழியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். டிவில அடுத்து என்ன வரும்னு தெரியாதே.”

பேய்க்கு மட்டும் இல்லை. கெட்ட செய்தி ஒரு பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டிவிடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனுடைய பரீட்சை முடிவை நான்தான் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது மருந்துக் கடைக்கு ஓடுகிற வேலை எல்லாவற்றையும் இவன் எடுத்துக்கொண்டான். கட்டில் பக்கத்தில் உட்காருகிற வேலை எனக்கு வந்தது. திட்டியிருக்கிறேன், திட்டி என்ன பயன், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஜென்மம்.

அண்ணி அதே கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருந்தாள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் மணி படம் போட்ட பொத்தானை அழுத்துவார் இல்லையா, அந்த மணி அண்ணியின் மேசையில்தான் அடிக்கும். சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணையைக் கட்டி வைத்திருப்பாள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால், அந்தக் குரலைக் கேட்டால், எனக்கே தூக்கம் வரும்.

“பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். ஆள் கிளம்பியாச்சு. கண்ணை மூடிக்குங்க, மூச்சை மெதுவா விடுங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன்.”

ஆள் கிளம்பியிருக்க மாட்டான். ஆள் என்றால் என் அண்ணன்தான். ஊரின் மறுகோடியில் ஏதாவது ஒரு குழிக்குள் இருப்பான். ஆனால் அந்த மேசையின் முதல் பாடமே, மாட்டிக்கொண்டவருக்கு உண்மையான நேரத்தைச் சொல்லக் கூடாது என்பதுதான். ரொம்ப நேரமாகும் என்று தெரிந்தால் சிலர் கதவைப் பிளந்து வெளியே குதிக்கப் பார்ப்பார்கள், அங்கேதான் உயிர் போகும். அதனால் முதலில் “கிளம்பிட்டார்” என்று சொல்ல வேண்டும். பிறகு “பக்கத்துத் தெருவுல வர்றார்.” பிறகு “வாசலுக்கு வந்துட்டார், மேல மோட்டார் ரூமுக்கு ஏறிட்டு இருக்கார், இப்ப சத்தம் கேட்கும் பாருங்க.” நடு நடுவே இன்னொரு ஃபோனில் அண்ணனைப் பிடிப்பாள்.

“எங்க இருக்கீங்க?”

“இப்பதான் பாலம் ஏறுறேன்.”

“நான் உங்களை வாசலுக்கே கொண்டுவந்துட்டேன். மானத்தைக் காப்பாத்துங்க, சீக்கிரம் வாங்க.”

இப்படியே பேசிப் பேசித்தான் கல்யாணம் வரைக்கும் வந்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். இவர்கள் விஷயத்தில் அந்த ஆயிரமும் இவன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்பதைப் பற்றியவை.

தொடரின் நிஜமான ரசிகை அண்ணிதான். கல்யாணமான புதிதில் அவள் பார்க்கும்போது அண்ணன் சமையலறையில் போய் உட்கார்ந்து யாரும் தேய்க்கச் சொல்லாத பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து சோபாவில் உட்கார வைத்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பயங்கரமான இடம் வரும்போது என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன் என்றாள். அன்றைக்குச் செய்துகொண்ட ஏற்பாடு கடைசி வரைக்கும் நடந்தது.

ஒளிபரப்பு ராத்திரியில். இவர்கள் அதைப் பதிந்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்ப்பார்கள். ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், விளக்கு வேறு எரியும். மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது தனிக் கதை. சோபாவுக்கு ஒரு கால் உடைந்து, செங்கல்லைத் துணியில் சுற்றி முட்டுக் கொடுத்திருப்பார்கள். அண்ணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணன் கையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்திருப்பான்.

“இப்ப என்ன?”

“மாடிப்படி ஏறுறா.”

“பின்னால யாராச்சும் இருக்காங்களா?”

“இல்ல. பூனைதான்.”

“நிஜமா பூனையா?”

“பூனைதாங்க, வெள்ளைப் பூனை. பாலுக்கு வந்திருக்கு. சரி, கண்ணைத் திறங்க, பேர் போடுறாங்க.”

நான் அந்த நேரத்தில் போனால் சமையலறையில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டாணி உரிப்பேன். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. அண்ணனுடைய கத்தலும் அண்ணியின் சிரிப்பும் மட்டும் காதில் விழும். ஒரு தடவை லிஃப்ட் கதை ஒன்று வந்தது. இல்லாத ஒரு மாடிக்குப் போகிற லிஃப்ட். அன்றைக்கு மட்டும் அண்ணன் பாதிக்கு மேல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டான். “கயிறு அறுந்தா இப்படியா விழும்? அந்தத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சு நின்னுடும். எவன்டா இதை எழுதினவன்?” லிஃப்ட் அந்த மாடியில் நின்று கதவு திறக்கப்போகிற இடத்தில் வாய் மூடியது, கண்ணும் மூடியது. திங்கட்கிழமை வேலைக்குப் போய் எல்லோரிடமும் முடிவு பிரமாதம் என்று கதை சொல்லியிருக்கிறான்.

தொடர் கடைசி வருடத்தில் இருக்கும்போது அண்ணிக்கு உடம்பு முடியாமல் போனது.

பரிசோதனை முடிவு வாங்கப் போன அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியின் நீளமான நடைவழி, சுவரோரம் தரையோடு திருகி முடுக்கிய நாற்காலிகள், கடைசியில் டாக்டர் அறை. பெயரைக் கூப்பிட்டதும் அண்ணன் எழுந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. அண்ணி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். “நீங்க இங்கயே இருங்க. நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்.” உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்தபோது என்னையும் பார்வையாலேயே உட்கார வைத்தாள். அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க அண்ணன் எதிரே இருந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு சரியாக மூடவில்லை, கீழே உருளை தேய்ந்திருக்கும் என்று எனக்கு விளக்கினான்.

அண்ணி வெளியே வந்தாள். “சாதாரணக் கட்டிதானாம். மருந்துலயே கரைஞ்சிடுமாம். கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.”

அண்ணன் விட்ட மூச்சில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அண்ணியிடம் பதில் இருந்தது. முடி கொட்டினால் மருந்தின் வீரியம். இளைத்துப்போனால், எடை குறைந்தது நல்லது என்று டாக்டரே சொன்னார். வேறு டாக்டரைப் பாருங்கள் என்று நான் சண்டை போட்டபோது, “பார்த்துட்டேன், அவரும் அதையேதான் சொல்றார்” என்றாள். அந்தக் குரலில் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள். ஊரில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் நம்பியிருக்கிறார்கள். நானும் நம்பினேன்.

தொடரின் கடைசிக் கதையை அவர்கள் பார்த்தது அந்த நாட்களில்தான். அண்ணி தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். அண்ணன் வழக்கம்போல முகத்தை மூடிக்கொண்டு பக்கத்தில். நான் சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அண்ணியின் குரல் மட்டும் கேட்டது. “கதவு திறந்துடுச்சு. அவ வெளிய வந்துட்டா. தலையெல்லாம் தூசி. புருஷன் அவளுக்கு டீ போட்டுக் கொடுக்கிறான்.” அண்ணன் கண்ணைத் திறந்து, “அப்பாடா” என்றான்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் காலையில் “இன்னைக்கு நல்லா இருக்குங்க, வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வாங்க” என்று அவனை அனுப்பி வைத்தாள். ஒரு லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தபோது அவனுக்கு ஃபோன் வந்தது. நான்தான் பேசினேன். வேறு யாரைச் சொல்லச் சொல்வது?

அண்ணன் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். தேறி வந்துகொண்டிருந்தவளை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ தப்பு செய்து கொன்றுவிட்டார்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். “காலையில நல்லா இருக்குன்னு அவளே சொன்னாளே” என்பான். கொஞ்ச நாளில் கேட்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்புறம் அவனும் சொல்வதை நிறுத்தினான்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. ‘பூட்டிய பிறகு’ ரசிகர்கள் ஃபோனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அண்ணிதான் தன்னையும் அவனையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். அந்தக் குழுவில், அண்ணிக்குப் பிடித்த கதைகளை ஒவ்வொன்றாகத் தன் குரலில் பேசிப் போடப்போவதாகச் சொன்னான். கதைச் சுருக்கம், எது நன்றாக இருந்தது, எது சொதப்பல், முடிவு எப்படி. “அவ சொல்லி நான் கேட்டதை நான் சொல்லி நாலு பேர் கேட்கட்டும்” என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தாடியை மழித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவான். முதலில் நான் கேட்க வேண்டும், பிறகுதான் குழுவுக்குப் போகும். பேய்க்கதை என்றாலே காத தூரம் ஓடுகிற நான் அவனுக்காக உட்கார்ந்து கேட்டேன். கேட்டால் பயமாகவே இல்லை. முதல் கதை தையல்காரி. யாரோ ஒருவர் ஒரு கோட்டுச் சட்டையைக் கொண்டுவந்து சின்னதாக்கித் தரச் சொல்கிறார். அவள் தைக்கத் தைக்க அது தானாகச் சுருங்குகிறது, ஒரு நாள் பார்த்தால் அவளுடைய அளவுக்கே வந்து நிற்கிறது. “முடிவுதான் இதுல அருமை. அவ பயப்படாம உட்கார்ந்து ஒவ்வொரு தையலா பிரிச்சு, துணியை மடிச்சு வாசல்ல வச்சிட்டு தூங்கப் போயிடுறா. தையல் தெரிஞ்சவளுக்குப் பிரிக்கவும் தெரியும்ங்கிறாங்க” என்று முடித்திருந்தான்.

அடுத்தது கண்ணாமூச்சி விளையாடுகிற குழந்தையைத் தேடும் அம்மா. குழந்தை துணி அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது, தூக்கி முதுகில் இரண்டு வைத்துச் சோறு ஊட்டுகிறாள். அடுத்தது லிஃப்ட். அந்த இல்லாத மாடியில் கதவு திறந்தால் பழைய குடித்தனக்காரர்கள் எல்லோரும் நின்று நலம் விசாரிக்கிறார்கள். “இதுதாங்க இந்தத் தொடரோட சிறப்பு. பயமுறுத்தும், ஆனா கைவிடாது” என்றான் அண்ணன். எனக்குக்கூட அந்தத் தொடரின்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

குழுவில் முதலில் கேள்விக்குறிகள் வந்தன. பிறகு கிண்டல். இவர் எந்த டிவியில் பார்த்தார் என்று ஒருவர். பார்க்காமலே விமர்சனம் செய்யும் மேதை என்று இன்னொருவர். குழுவை நடத்துகிறவர் வவ்வால் என்ற பெயரில் இருப்பவர், தங்கமான பிள்ளை, அவர் மட்டும் தனியாக ஃபோன் செய்தார். அண்ணன் எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. தையல்காரி கதைல அவ தப்பிக்கவே மாட்டா. குழந்தை கதையும் அப்படி இல்ல. நீங்க சொல்ற முடிவு எதுவுமே தொடர்ல கிடையாது.”

“என் பொண்டாட்டி பார்த்து சொன்னது தம்பி.”

“அவங்க சும்மா விளையாட்டுக்கு…”

“அவ பொய் சொல்ல மாட்டா” என்றான் அண்ணன். ஊரில் பாதிப் பேருக்கு இவனைப் பற்றியே பொய் சொன்னவளை! ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு நான் சிரிக்கவில்லை. அவனுக்கு அது வெறும் தொடர் சமாச்சாரமாக இல்லை. அவள் போன பிறகு அவனிடம் மிச்சம் இருந்தது அவள் சொன்ன சொல் ஒன்றுதான். அதைப் போய்ப் பொய் என்றால் எப்படி விடுவான்?

வவ்வால் எல்லாக் கதைகளையும் அனுப்பி வைத்தார். நீங்களே பாருங்கண்ணே என்று எழுதியிருந்தார். அண்ணன் எனக்கு ஃபோன் செய்தான். “நீ வா. பக்கத்துல உட்காரு. நான் கண்ணை மூட மாட்டேன். பார்த்துட்டு அவனுங்க வாயை அடைக்கிறேன்.”

போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. செங்கல் முட்டுக் கொடுத்த சோபாவில், அண்ணி உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு இரண்டு ஓரமாக உட்கார்ந்தோம். அண்ணன் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், கண்ணை மூடவில்லை.

தையல்காரி எதையும் பிரிக்கவில்லை. கோட்டு அவளைப் போட்டுக்கொண்டது. கடைசியில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மையோடு பொம்மையாக நிற்கிறாள். அண்ணன் அடுத்ததைப் போட்டான். துணி அலமாரிக்குள் குழந்தையின் உடுப்பு மட்டும்தான் இருந்தது, அந்தக் குழந்தை செத்து வருடக்கணக்காகிறது. லிஃப்ட் கதையில் கதவு திறந்த இடத்தில் யாரும் நலம் விசாரிக்கவில்லை. அதை நான் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

அண்ணன் உடைந்துபோவான் என்று பயந்தேன். ஆனால் அவன் சிரித்தான். “திருட்டுக் கழுதை” என்றான். “ஒண்ணுகூட விடாம மாத்தியிருக்கா பாரு. பூனையாம், வெள்ளைப் பூனையாம்.” அப்படிச் சிரித்து நான் அவனைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். இவ்வளவையும் அவள் தனக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறாளே என்ற பெருமை அவனுக்கு. இத்தோடு எழுந்து டீ போட்டிருக்கலாம். கடைசிக் கதையையும் பார்த்துவிடலாம் என்றான் அவன்.

அந்தக் கதையில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர்கள் வீட்டில் திடீரென்று ஒரு அறை முளைக்கிறது, அது அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. ஒரு நாள் அவள் உள்ளே போகிறாள், கதவு சாத்திக்கொள்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் புருஷன் நின்றுகொண்டு, எங்கே இருக்கிறாய், வா என்று கூப்பிடுகிறான். “இதோ வந்துட்டேன், ஒண்ணும் இல்ல, நீங்க சாப்பிடுங்க” என்று அவள் குரல் சாதாரணமாக வருகிறது. அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட, அவள் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள். கடைசியில்தான் அந்த அறைக்குள்ளே காட்டுகிறார்கள். கதவு பூட்டிக்கொள்ளவில்லை. அவன் பக்கம் திறந்துவிடாதபடி அவள்தான் முதுகைக் கொடுத்து அதை உள்ளிருந்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள். எதிரே, பேர் இல்லாத ஏதோ ஒன்று அவளை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, குரல் பிசகாமல், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெயர்கள் ஓடி முடிந்தன. அண்ணன் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்லப்போனேன், அவன் எழுந்து போய்ச் சட்டையை மாட்டினான்.

“எங்கண்ணா?”

“ஆஸ்பத்திரிக்கு.”

அதே நடைவழி, அதே நாற்காலிகள். இந்தத் தடவை அவன் நாற்காலியில் உட்காரவில்லை. டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தார். வயதானவர், அண்ணியின் பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“அவளுக்கு எப்ப தெரியும் டாக்டர்?” என்று கேட்டான் அண்ணன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “முதல் நாளே சொல்லிட்டேன். குணமாகாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்னு. ஏன், உங்களுக்கும் தெரியும்தானே? ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களான்னு. எல்லாம் சொல்லிட்டேன், அதைப் பத்திப் பேச அவருக்குப் பிடிக்காது, நீங்க எதுவும் கேட்காதீங்கன்னு சொன்னாங்க. அதான் நானும் கேட்கல.”

அண்ணன் தலையை ஆட்டினான். பிறகு மெதுவாக, “அழுதாளா?” என்றான்.

“முதல் நாள் மட்டும். கதவு வரைக்கும் போனாங்க, திரும்பி வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டுமான்னு கேட்டாங்க. அப்புறம் அந்தக் குழாய்ல முகத்தைக் கழுவிக்கிட்டு போனாங்க.”

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வெளியே நாங்கள் லிஃப்ட் கதவின் உருளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் நாங்கள் இருந்தோம். டாக்டர் தண்ணீர் கொடுத்தார். அண்ணன் வாங்கி முழுதாகக் குடித்துவிட்டு, இவ்வளவு நாள் உங்களைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

வீட்டுக்குத் திரும்பினோம். மூன்று மாடி ஏற வேண்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். துணி காயப்போட்டுவிட்டு யாரோ காலி வாளியோடு இறங்கி வந்தார்கள், நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவன் நகரவில்லை.

“ஏன் எனக்குச் சொல்லல?” என்றான்.

“நீ தாங்க மாட்டேன்னு நினைச்சிருப்பாங்க அண்ணா.”

“கூட நான் இருந்திருப்பேன்ல. கையையாவது பிடிச்சிட்டு இருந்திருப்பேன்ல.” கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரீஸ் கறை எத்தனை கழுவினாலும் போகாத கை. பிறகு தலையை ஆட்டினான். “இல்ல. அவ சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியும். கண்ணை மூடியிருப்பேன். மூடிக்கிட்டு, நீயே பார்த்து சொல்லு, என்ன ஆகுதுன்னு நீயே சொல்லுன்னு அவளையே கேட்டிருப்பேன்.”

அப்படியெல்லாம் இல்லண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் அவனுக்காகப் பொய் சொல்ல ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவள் போய்விட்டாள்.